வீமனின் தாகம்

சென்ற வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, ஏனையவற்றைப் போல இரண்டு வரியில் விடை கூறி முடிக்கத் தக்கதாக இருக்கவில்லை. வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 13 வயதான தமது நாய்க்குச் சுரப்பியில் நோய் கண்டிருப்பதாக மிருக வைத்தியர் கூறினாராம். மருந்து தொடங்கினால் உயிருள்ளவரை நிறுத்த முடியாதாம். கொடுக்காமல் விட்டால் அது பாவமாகுமா, கொடுத்தாலோ ஊரார் நகைப்பார்களா என்பது சகோதரியின் வினா. கடிதத்தின் கீழ், “வீட்டிலே இதைப் பற்றிப் பேச ஒருவருமில்லை, அதனாலேயே உங்களுக்கு எழுதுகிறேன்” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

வைத்தியம் எமது துறையன்று. ஆயினும் இதே வினா 2023ஆம் ஆண்டில் எமது வீட்டு விறாந்தையில் ஒரு மாதத்திற்கு மேலாகக் குடியிருந்தது. ஆகவே, சகோதரிக்கு அறிவுரை கூறுவதை விடுத்து, எம் வீட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறோம். எம் பிழைகளையும் மறைக்காது எழுதுவதாக எண்ணம்.

வீமன் பிறந்தது 2011ஆம் ஆண்டில். கொழும்பிலே டக்ஸ்ஹுண்ட் என்னும் சாதி நாயை வளர்த்த உறவினர் வீட்டிற்கும், மதிலைக் கடந்து வந்துபோன ஒரு தெருநாய்க்கும் ஏற்பட்ட சம்பந்தத்தின் பயன் அவன். நீண்ட உடலும் குறுகிய கால்களும் தாய்வழிச் சீதனம். சுருண்ட வாலும், சைக்கிளில் வருவோர் அனைவரையும் பகைக்கும் குணமும் தந்தைவழி முதுசம். எம் மகள் அவனைப் பனையோலைக் கூடையொன்றில் வைத்து, இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் கொண்டுவந்து சேர்த்தாள். கூடையிலிருந்து இறங்கியதும் அவன் ஒரு கோப்பைப் பாற்சோற்றை நிமிடத்தில் முடித்துவிட்டு, மறுகோப்பைக்கு எம் தாயாரின் முகத்தைப் பார்த்தான். “இவன் வீமன்” என்றார் தாயார். பெயர் நிலைத்துவிட்டது. மகள் 2014இல் மணமுடித்துக் கனடா சென்றாள். வீமன் எம்மிடம் தங்கிவிட்டான்.

எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாம் வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டில் வீட்டிலிருந்த எல்லோரும் சற்று மெலிந்தோம். வீமன் ஒருவனுக்கே வயிறு வைத்தது. முதுகெலும்பு மேலே தெரிய, வயிறு மட்டும் பானை போலத் தொங்கியது. இரு விலாவிலும் ஒரே அளவில் மயிர் உதிர்ந்து, தோல் மெல்லியதாகிக் கறுத்தது. மார்கழி மாதத்துக் குளிர் காற்றிலும் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தான். முதுமை என்றே நாம் எண்ணினோம். மனிதரானாலும் விலங்கானாலும், காரணம் தெரியாத எதற்கும் முதுமையென்று பெயரிட்டுவிட்டால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை அல்லவா?

தை மாதத்தில் எம் வளவிலிருக்கும் வைரவருக்கு மடை பரவினோம். சூலத்திற் சாத்திய வடைமாலையைப் பூசை முடியுமுன்பே வீமன் இழுத்து வீழ்த்தி, நூலோடு சேர்த்துப் பதினொரு வடைகளை விழுங்கிவிட்டான். 12 ஆண்டுகளாக மடை நாளில் சற்றுத் தள்ளிப் படுத்திருந்து தன் பங்கு வரும்வரை காத்திருந்த நாய் அது. இல்லத்தரசி தடியை எடுத்தார். தாயாரோ, “வைரவருக்குப் படைச்சதை வைரவற்றை வாகனம் தின்றது, அதிலை என்ன பிழை?” என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தார். நாம் அனைவரும் சிரித்தோம். அந்தப் பசியும் ஒரு நோய்க்குறி என்பது அன்று எமக்குத் தெரியாது.

வடை தின்ற தாகமென்று நினைத்த தாகம் மறுநாளும் அடங்கவில்லை. அதற்கு மறுநாளும் அடங்கவில்லை. இரவில் இரண்டு தடவை எழுந்து கதவைப் பிறாண்டுவான். நாம் எழத் தாமதமானால் விறாந்தையிலே சிறுநீர் கழித்துவிடுவான். பிறகு அவன் செய்வதுதான் எம்மால் மறக்க முடியாதது. மூலைக்குச் சென்று, சுவரைப் பார்த்தபடி, தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்பான். விளக்கைப் போட்டாலும் திரும்பமாட்டான். வீட்டுக்குள் அசுத்தம் செய்தறியாத நாய். தன் உடல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதை அது எவ்வாறோ உணர்ந்திருந்தது. அந்நேரத்தில் நாம் அவனை ஏசினோம் என்பதையும் எழுதிவிடுகிறோம்.

ஏசியதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. இரவில் குடிப்பதனாலன்றோ இத்தொல்லை என்று கருதி, மாலை ஆறு மணிக்குப் பின் தண்ணீர்ச் சட்டியை எடுத்து மேலே வைத்தோம். மூன்றாம் நாட் காலையில் கதவைத் திறந்ததும் அவன் கிணற்றடிக்கு ஓடி, பாத்திரம் கழுவிய அழுக்கு நீர் தேங்கிநின்ற குழியில் வாயை வைத்து, மூச்சு விடாமற் குடித்தான். இல்லத்தரசி அதைக் கண்டு, வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அன்றே வைத்தியரிடம் சென்றோம்.

அவர் எம்மைக் கடிந்துகொண்டது நியாயமே. “ஐயா, இவன் நிறையக் குடிப்பதனால் நிறையச் சிறுநீர் கழிக்கவில்லை, நிறையக் கழிந்துவிடுவதனால், இழந்ததை ஈடுசெய்யக் குடிக்கிறான். தண்ணீரைத் தடுத்தால் கழிவது நிற்காது, நாய்தான் வற்றிப்போகும்” என்றார். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறான் என்று கேட்டபோது எமக்கு விடை தெரியவில்லை. ஒரு வாரம் அளந்துவருமாறு அனுப்பினார்.

அளவெடுக்கும் பொறுப்பை இல்லத்தரசி ஏற்றார். போத்தலில் அளந்து சட்டியில் ஊற்றுவதும், எஞ்சியதைத் திருப்பி அளப்பதும், பழைய கொப்பியொன்றில் தேதியிட்டுக் குறிப்பதுமாக ஏழு நாட்கள் சென்றன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 போத்தல். போத்தல் ஒன்று 750 மில்லிலீற்றர். ஆகவே 2 லீற்றருக்கும் அதிகம். வீமனின் நிறை 11 கிலோகிராம். நாயின் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் ஒரு நாளிற் குடித்தால் அது மிகையென்பது வைத்தியர்களின் கணக்கு. வீமன் அதில் இருமடங்கு குடித்துக்கொண்டிருந்தான்.

வைத்தியர் முதலிற் கேட்ட கேள்வி, சொறிக்காகவோ வேறு எதற்காகவோ ஸ்ரெரொயிட் வகைக் குளிசை எதையேனும் நெடுநாள் கொடுத்தோமா என்பதாகும். கொடுக்கவில்லை என்றோம். அப்படிக் கொடுத்தாலும் இதே தோற்றமெல்லாம் வருமாம். அப்போது குற்றவாளி சுரப்பியல்ல, குளிசை. அதையும் அச்சத்தினால் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாதாம். வைத்தியர் சொல்லும்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டுமாம். எம் ஊரில் நாய் சொறிந்தாற் கடையில் வாங்கிக் கொடுக்கும் வழக்கமுள்ளவர்கள் இவ்விடத்தை மறுமுறை படிப்பார்களாக.

மிகுந்த தாகத்துக்குக் காரணம் பல. நீரிழிவாக இருக்கலாம், சிறுநீரகம் நலிந்திருக்கலாம், பெண் நாயாயின் கருப்பையிற் சீழ் கட்டியிருக்கலாம். கடைசியாகச் சொன்னது நாட்கணக்கில் உயிரைப் பறிக்கவல்லது. ஆகவே இரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். சர்க்கரை இல்லை, சிறுநீரகம் வயதிற்கேற்ற நிலையில் இருந்தது, ஈரலைச் சார்ந்த நொதியமொன்று மட்டும் மிக உயர்ந்து நின்றது. அதன்பின் ஒரு பகல் முழுவதும் எடுக்கும் சோதனையொன்று நடந்தது. காலையில் இரத்தம் எடுத்து, சிறிதளவு மருந்தை ஊசியால் ஏற்றி, 4 மணித்தியாலத்தின் பின்பும் 8 மணித்தியாலத்தின் பின்பும் மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். ஏற்றும் மருந்து, உடலே சுரக்கும் ஓமோனைப் போன்றது. நலமுள்ள நாயின் மூளை அதைக் கண்டு, ‘போதிய அளவு இருக்கிறது’ என்று சுரப்பியை அடக்கிவிடும். நோயுற்ற நாயின் சுரப்பி அடங்காது. வீமனுடையது அடங்கவில்லை. மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் இரவு பஸ்ஸேறிக் கொழும்பு சென்றன. வீமன் வந்த அதே வழி.

இந்நோய்க்குக் குஷிங் நோய் என்று பெயர். அமெரிக்க மூளை அறுவை வைத்தியர் ஹாவி குஷிங் 1912இல் மனிதரிடம் இதைக் கண்டு விவரித்தார். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியோடு இதற்குள்ள தொடர்பைப் பற்றி 1932இல் விரிவாக எழுதினார். மனிதரில் அரிதான இந்நோய் வயதுசென்ற நாய்களில் அத்துணை அரிதன்று. சிறுநீரகங்களின் அருகே அதிரீனல் என்னும் இரு சிறு சுரப்பிகள் உள்ளன. அவை கோட்டிசோல் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. அது நஞ்சன்று, இடுக்கண் வந்த வேளையில் உடலைத் தாங்கி நிறுத்துவது அதுவே. எவ்வளவு சுரக்க வேண்டுமென்று கட்டளையிடுவது கபச்சுரப்பி. நோயுற்ற நாய்களுள் 100க்கு 80 அல்லது 85இல், கபச்சுரப்பியில் எழுந்த ஒரு சிறு கட்டி ஓயாது கட்டளையிட்டுக்கொண்டிருக்கிறது. ஏனையவற்றில் அதிரீனற் சுரப்பியிலேயே கட்டி. எவ்வாறாயினும், எந்நாளும் இடுக்கணில் இருப்பது போல உடல் வாழ்கிறது. தசை கரைகிறது, தோல் மெலிகிறது, பசியும் தாகமும் அடங்குவதில்லை.

இரண்டில் எதுவென்று அறிய வயிற்றை ஸ்கான் செய்து பார்க்கலாமென்றும், பேராதனைக்குக் கொண்டுசென்றால் அங்குள்ள மிருக வைத்திய பீடத்தில் ஆலோசனை பெறலாமென்றும் வைத்தியர் கூறினார். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 320 கிலோமீற்றர். இருந்த இடத்திலேயே இளைக்கும் நாயை வெயிலில் அவ்வளவு தூரம் கொண்டுசெல்வதா? “அதிரீனலிற் கட்டியென்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டோம். “அறுத்து எடுக்கலாம். ஆனால் பெரிய அறுவை, இவன் வயதுக்கு ஆபத்து மிக அதிகம்” என்றார். அறுவைக்கு நாம் உடன்படப் போவதில்லை. தரவிருக்கும் மருந்தோ இரு வகைக்கும் உதவக்கூடியது. அப்படியாயின் அச்சோதனையால் எம் முடிவு மாறாது. எனவே பேராதனைப் பயணத்தைக் கைவிட்டோம். இந்த ஒரு முடிவை நாம் எளிதில் எடுத்தோம். மற்றையது அத்துணை எளிதாக இருக்கவில்லை.

மருந்தின் பெயர் திரைலொஸ்டேன். சுரப்பி கோட்டிசோலை ஆக்கும் வழியில் ஒரு படியைத் தடுத்து நிற்பது அது. கட்டியைக் கரைக்காது, நோயை மாற்றாது, நோயின் கையைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவே. நாள்தோறும் உணவோடு கொடுக்க வேண்டும். தொடங்கி இரு வாரத்தில் ஒருமுறையும், மாதமானதும் ஒருமுறையும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தம் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் அந்தக் கப்சூலைக் கையாலும் தொடக் கூடாது. இதற்கு முன் வழங்கிய மைற்றொரேன் என்னும் மருந்தைப் பற்றியும் வைத்தியர் சொன்னார். அது டி.டி.ரி. பூச்சிகொல்லியின் வழிவந்த பொருள். அவ்வினத்து இரசாயனம் ஒன்றை உட்கொண்ட நாய்களின் அதிரீனற் சுரப்பி அழிந்ததை 1949இல் ஆய்வாளர் கண்டதிலிருந்தே அம்மருந்து பிறந்ததாம். மலேரியாவை ஒழிக்க வீடு வீடாக டி.டி.ரி. தெளித்துச் சென்ற காலத்தை எம் தாயார் இன்றும் கதையாகச் சொல்வதுண்டு. அந்தப் பூச்சிமருந்தின் உறவினமா நாய்க்கு மருந்தானது என்று அவர் வியந்தார்.

இனி எம் வீட்டு நியாயசபை. மருந்து இங்கு எளிதிற் கிடைக்கவில்லை. தொலைபேசியில் விடயம் அறிந்த மகள், “விலையைக் கேக்காதேங்கோ, நான் அனுப்புறன்” என்றாள். வைத்தியரின் சீட்டைப் பெற்று அங்கிருந்து வாங்குவதாக ஏற்பாடு. சோதனைச் செலவு மட்டும் எமது பொறுப்பு. ஒரு தடவைச் சோதனைக்கு, எம் இல்லத்து ஒரு மாத அரிசிச் செலவுக்கு மேலாயிற்று.

அடுத்த வீட்டு மாஸ்டர் எம் நெடுநாள் நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர். மாலையில் வந்து கதிரையில் அமர்ந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “போன வருஷம் என்ரை தமக்கை இரத்த அழுத்தக் குளிசைக்கு நாலு மருந்துக்கடை ஏறி இறங்கினவ” என்று மட்டும் கூறினார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாததெல்லாம் எமக்குக் கேட்டது. 2022இல் இந்நாட்டில் மருந்துக்கு மனிதர் பட்ட பாட்டை நாமும் கண்டவர்களே. நாய் ஒன்றுக்காகக் கடல் கடந்து மருந்து வருவிப்பதை அந்த முகத்துக்கு முன்னால் எவ்வாறு நியாயப்படுத்துவது? தருமபுத்திரர் நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புகமாட்டேன் என்ற கதையை எடுத்துக் கூறலாமென்று நாக்கு நுனிவரை வந்தது. ஆயின் தருமர் எவருடைய மருந்துக் காசையும் அந்த நாய்க்குச் செலவிடவில்லை. பேசாதிருந்தோம்.

அதன்பின் பல இரவுகள் கணக்குப் பார்த்தோம். மருந்து கொடுக்காவிட்டால் வீமன் நாளையே இறந்துவிடப் போவதில்லை. கொடுத்தாலும் இந்நோயுள்ள நாய்கள் பெரும்பாலும் ஏறக்குறைய இரண்டாண்டு வாழ்கின்றன, வயதோ 12. மறுபுறம், மருந்து மிஞ்சினால் கோட்டிசோல் அளவுக்குக் கீழே விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இல்லத்தரசி, இரவுகளைச் சமாளிப்பவர் தாமே என்பதால் தம் வாக்குக்கு இரட்டை மதிப்பு வேண்டுமென்றார். மகள் வேண்டுமென்றாள். மகன் வேண்டாமென்றான். நாம் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் நின்றோம்.

இவை யாவும் தாயாரின் சாய்மனைக் கதிரைக்கு அருகிலேயே நடந்தன. 86 வயது, காது கேளாதென்று நாம் வசதியாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மாலை அவர் திடீரென்று பேசினார்: “ஒரு மாசமா இந்த நாயைக் கேக்காமல் நாயைப் பற்றிக் கதைக்கிறியள். போன வருஷம் என்ரை கண்ணை வெட்ட நாள் குறிச்சியள். என்னையும் ஒருத்தரும் கேக்கேல்லை. அவனுக்கு வாய் இல்லை, சரி. எனக்கு வாய் இருந்ததே.”

விறாந்தையில் எவரும் அசையவில்லை. கண்ணில் வெண்புரை வளர்ந்திருந்தது. சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. இன்று அவர் பத்திரிகை படிக்கிறார். அவற்றைச் சொல்லி நியாயம் பேச நாம் வாய் திறந்தோம். இல்லத்தரசி கண்ணால் தடுத்தார். சற்று நேரத்தின் பின், “அம்மா, நாங்கள் கேட்டிருக்க வேணும்” என்றோம். அவர் அதற்கு மறுமொழி கூறாமல், வீமனின் காதைத் தடவிக்கொண்டு, “இவனுக்கு இராவிலைதான் கஷ்டம். பகலிலை சந்தோஷமாத்தான் இருக்கிறான். இராக் கஷ்டத்தை எடுத்துவிட ஏலுமோ எண்டு டொக்டரைக் கேளுங்கோ. வயித்தைப் பற்றியும் மயிரைப் பற்றியும் ஆருக்குக் கவலை?” என்றார்.

மறுநாள் வைத்தியரிடம் இதைக் கூறினோம். அவர் சிரித்து, “நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். கடதாசியில் உள்ள எண்ணுக்கு மருந்து கொடுப்பதில்லை. வயிறும் மயிருதிர்வும் மட்டும் இருந்து, நாய்க்கு ஒரு துன்பமும் இல்லாதிருந்தால், பொறுத்திருந்து பார்ப்போம் என்றே கூறியிருப்பேன். இவனுக்குத் தாகமும் இரவும் துன்பம். அந்தத் துன்பம் குறைந்தால் மருந்து வெற்றி; குறையாவிட்டால் நிறுத்துவோம்” என்றார். நிறுத்தலாம் என்ற அந்த ஒரு சொல்லில் எமக்குப் பாதிப் பாரம் இறங்கியது. உயிருள்ளவரை என்று கேட்டதனாலன்றோ மாதக்கணக்கில் தயங்கினோம்!

பங்குனியில் குறைந்த அளவில் தொடங்கினோம். பத்தாம் நாள் கொப்பியில் 2 போத்தல். மூன்றாம் வாரத்தில் 1 போத்தலுக்குச் சற்று மேல். ஓர் இரவு கதவு பிறாண்டப்படவேயில்லை. பழக்கத்தினால் இரண்டு மணிக்கு விழித்த நாம், ஏதோ நேர்ந்துவிட்டதென்று பயந்து விளக்கோடு சென்று பார்த்தோம். நாலு காலையும் நீட்டிக் குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. தாகம் குறைந்ததோடு பின்காலை நொண்டத் தொடங்கினான். மருந்துதான் காலைக் கெடுத்ததென்று மாஸ்டர் தீர்ப்பளித்தார். உண்மை வேறு. கோட்டிசோலுக்கு வீக்கத்தையும் நோவையும் அடக்கும் ஆற்றல் உண்டு. மூட்டுவாதம் முன்னரே இருந்தது. மிதமிஞ்சிய ஓமோன் அதை மூடி வைத்திருந்தது. மூடி விலகியதும் நோவு வெளிப்பட்டது. அதற்கு வேறு மருந்தும், வழுக்காதிருக்கத் தரையில் சாக்கு விரிப்பும் வேண்டியதாயிற்று.

ஐந்தாம் வாரத்தில் நேர்ந்தது முற்றாக எம் பிழை. இல்லத்தரசி ஒரு கலியாண வீட்டுக்குச் சென்றிருந்தார். வீமன் காலைச் சோற்றை முகர்ந்துவிட்டு அப்பாற் சென்றான். உணவின்றி மருந்து கொடுக்கலாகாது, உணவை மறுத்தால் கொடுக்கவே கூடாது என்பது எமக்குச் சொல்லப்பட்டிருந்தது. நாமோ வாழைப்பழத் துண்டொன்றில் பொதிந்து, வாயைத் திறந்து உள்ளே தள்ளிவிட்டோம். ஒரு நாளும் தவறக் கூடாதென்னும் பெருமை. நண்பகலில் வாந்தி எடுத்தான்; மாலையில் எழுந்து நிற்க முயன்று சாய்ந்தான். முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு சென்றபோது, எம் சட்டையை நக்கினான். கோட்டிசோல் மிகவும் தாழ்ந்திருந்தது. நாளத்தினூடாக உப்புநீரும் ஊசிமருந்தும் ஏற்றினார்கள். இரண்டு நாளில் எழுந்துவிட்டான். ஒரு வாரம் மருந்தை நிறுத்திப் பின்னர் அளவைக் குறைத்துத் தொடங்கினார்கள். இம்மருந்து எடுக்கும் நாய் உண்ண மறுத்தாலோ, வாந்தியெடுத்தாலோ, வயிற்றோட்டம் கண்டாலோ, சோர்ந்து கிடந்தாலோ, அன்றைய கப்சூலைக் கொடாமல் உடனே வைத்தியரை அழைக்க வேண்டும். இது எம் வீட்டுச் சமையலறைக் கதவில் இல்லத்தரசியின் கையெழுத்தில் ஒட்டப்பட்டது. கீழே எம் பெயரும் எழுதப்பட்டிருந்தது.

அதன்பின் சொல்வதற்கு அதிகமில்லை. ஓராண்டுக்கு மேல் நன்றாக இருந்தான். விலாவில் மயிர் மீண்டும் வந்தது. அதுவும் முன்னிலும் மென்மையாக. 2024ஆம் ஆண்டு மடையன்று தன் பங்கு வரும்வரை தள்ளிப் படுத்திருந்தான். மாஸ்டர் அன்று வந்திருந்தார். தமது வடையிற் பாதியை அவன் முன் வைத்துவிட்டு எம்மைப் பாராமற் சென்றார்.

2024 ஆடியில் சிறுநீரகம் தளர்ந்தது. உணவை விட்டான். வைத்தியர் மருந்தை நிறுத்தச் சொன்னார். இம்முறை நியாயசபை கூடவில்லை, தாயாரைக் கேட்டோம். “போதும்” என்றார். ஒன்பதாம் நாள் காலையில், அவருடைய கதிரையின் கீழே கிடந்தபடி அடங்கிவிட்டான். கிணற்றடிக்கு அப்பால், முருங்கையின் கீழே புதைத்தோம்.

வவுனியாச் சகோதரிக்கு: உங்கள் நாய்க்கு எந்தச் சுரப்பியில் என்ன நோயென்று கடிதத்தில் எழுதவில்லை. நீரிழிவும் ஓமோன் நோயே. அதன் கணக்கு வேறு. ஆகவே நாயின் பெயரையும் நோயின் பெயரையும் வைத்தியரிடம் கேட்டு எழுதுங்கள். அதற்கிடையில் ஒரு வாரம் அது குடிக்கும் தண்ணீரைப் போத்தலில் அளந்து குறித்து வையுங்கள். இரவில் எத்தனை தடவை எழுகிறது, எந்த நேரத்தில் வாலாட்டுகிறது, எதைக் கண்டு எழுந்து வருகிறது என்பனவற்றையும் அதே கொப்பியில் எழுதுங்கள். தண்ணீர்ச் சட்டியை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள். இரத்தச் சோதனைக்குச் செல்லும்போது கொப்பியையும் கொண்டுசென்று, “இதில் எதை உங்கள் மருந்தால் மாற்ற முடியும்? எப்போது நிறுத்தலாம்?” என்று கேளுங்கள்.

வீட்டிலே பேச ஒருவருமில்லை என்று எழுதியிருந்தீர்கள். எமக்கு எழுதுங்கள். வீமனின் கொப்பி இன்னும் இல்லத்தரசியிடம் இருக்கிறது. அதிற் பாதிக்கு மேல் வெறுந்தாள். வேண்டுமானால் தபாலில் அனுப்பிவைப்பதாகச் சொல்லச் சொன்னார்.